டீச்சரைக் கேளுங்கள்: பதிலைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்

'பிள்ளைகள் தாங்களே கேட்டு, தேடி, கண்டுபிடித்துப் படிக்கும் விசாரணைவழிக் கற்றல் முறைகள் பற்றிக் கேள்வி அனுப்பலாம்' என்று போன இதழில் அறிவித்தாலும் அறிவித்தார்கள், தபாலும் வாட்ஸ்அப்பும் குவிந்துவிட்டன. கடலூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் அறிவியல் நடத்தியே தலை நரைத்தவள் நான். மஞ்சக்குப்பத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்தான். தலைமையாசிரியர்களும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

கேள்வி: பயிற்சியில் 5இ மாதிரி சொல்லிக் கொடுத்தார்கள் டீச்சர். ஈடுபடுத்தல், தேடியறிதல், விளக்குதல், விரிவாக்குதல், மதிப்பிடுதல் என்று பாடக்குறிப்பில் ஐந்து கட்டம் போட வேண்டுமாம். 40 நிமிஷத்தில் மூன்றாவது கட்டத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. எனக்குத்தான் வேகம் போதவில்லையா?
- நடுநிலைப் பள்ளி ஆசிரியை, பண்ருட்டி

உங்கள் வேகத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்தையும் ஒரே பீரியடுக்குள் அடைக்கச் சொன்னவர்தான் அவசரப்பட்டிருக்கிறார். 1987 வாக்கில் அமெரிக்காவின் பி.எஸ்.சி.எஸ். என்ற பாடத்திட்ட அமைப்பில் ராட்ஜர் பைபீ குழுவினர் இதை உருவாக்கியபோது, மனதில் வைத்திருந்தது ஒரு முழு அலகை. இரண்டு மூன்று வாரம்கூட ஓடலாம். தினமும் ஐந்து கட்டமும் நிரம்ப வேண்டும் என்று அவர்கள் எங்கேயும் கேட்கவில்லை.

இதற்கும் ஒரு மூத்த தலைமுறை உண்டு. பெர்க்கிலியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் கார்ப்ளஸ், மைரன் அட்கினோடு சேர்ந்து 1962-ல் ஒரு கற்றல் சுழற்சியைச் சொன்னார். அதில் படிகள் மூன்றுதான். முதலில் பிள்ளைகள் பொருளைக் கையில் எடுத்துத் துழாவுவார்கள். அப்புறம் ஆசிரியர் அதற்குரிய கருத்தையும் பெயரையும் கொடுப்பார். கடைசியாக அதை வேறு இடத்தில் பொருத்திப் பார்ப்பார்கள். 5இ இதிலிருந்து வளர்ந்ததுதான். மூன்றானாலும் ஐந்தானாலும் உயிர் இருப்பது ஒரே இடத்தில்: தேடல் முன்னால், விளக்கம் பின்னால். 'ஆவியாதல் குளிர்ச்சியைத் தரும்' என்று முதல் நிமிஷத்திலேயே பலகையில் எழுதிவிட்டால், அதற்கப்புறம் எத்தனை கட்டம் போட்டாலும் அது பழைய வகுப்புதான்.

ஆவியாதலையே எடுத்துக்கொள்வோம். நான் வழக்கமாகச் செய்தது இது. சந்தையில் ஒரே அளவில் இரண்டு மண்பானை வாங்கி, ஒன்றுக்கு மட்டும் வெளிப்பக்கம் முழுக்க எனாமல் பெயின்ட் அடித்துக் காயவைத்துவிடுவேன். மூன்றாவதாக ஒரு எவர்சில்வர் குடம். மூன்றிலும் ஒரே குழாய்த் தண்ணீரை ஒரே அளவு ஊற்றி, மூடி போட்டு, வகுப்பு வராந்தாவில் நிழலில் வைத்துவிடுவது. (பெயின்ட் அடித்த பானைத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். ஒருத்தனாவது டம்ளரோடு வந்து நிற்பான்.) எந்தத் தண்ணீர் அதிகமாகக் குளிரும், ஏன் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் வேலை அவ்வளவுதான். நீங்கள் ஒரு வார்த்தை விளக்க வேண்டாம். மணி அடிக்கட்டும்.

மறுநாள் வெப்பமானி. வெறும் பானைத் தண்ணீர் சில டிகிரி இறங்கியிருக்கும், மற்ற இரண்டும் ஏறக்குறைய காற்றின் வெப்பத்திலேயே நிற்கும். இங்கேதான் வேடிக்கை. 'வெள்ளை பெயின்ட் வெயிலைத் திருப்பி அனுப்பும், அதனால் அதுதான் குளிரும்' என்று எழுதின பையன் விட மாட்டான். 'நிழல்லதானே வெச்சிருக்கோம்?' என்று பக்கத்துப் பெண் கேட்பாள். இன்னொருத்தி, 'எங்க வீட்ல பானைக்கு அடியில ஆத்து மணல் போட்டு நனைச்சு வைப்பாங்க டீச்சர், அப்பத்தான் ஜில்லுனு இருக்கும்' என்பாள். அப்புறம் வரும் நல்ல சண்டை: பானைக்கு வெளியே இருக்கும் ஈரம் உள்ளே இருந்து கசிந்ததா, ஐஸ் டம்ளரில் வேர்ப்பதுபோலக் காற்றிலிருந்து வந்ததா? நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். 'எப்படித் தெரிந்துகொள்ளலாம்?' என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர் ஊற்றாத காலிப் பானையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒருத்தர் சொல்லாமல் இருக்க மாட்டார். நீர்மட்டத்தில் கோடு போட்டு, மூடியை மூடி, ராத்திரி முழுக்க விட்டுப் பார்க்கலாம் என்று இன்னொருத்தர். எவர்சில்வர் குடத்தில் கோடு அப்படியே நிற்கும், பானையில் இறங்கியிருக்கும். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு நீங்கள் 'ஆவியாதல்' என்று எழுதினால், அந்தச் சொல் உட்கார இடம் இருக்கும்.

விரிவாக்குதலுக்கு ஐப்பசி வரை காத்திருங்கள். அதே பானை அடைமழைக் காலத்தில் அவ்வளவு குளிராது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது பானையின் ஈரம் எங்கே போகும்? வெயில் காலத்து நோட்டை எடுத்து வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பாடக்குறிப்பைப் பார்க்க வருபவரிடம், 'நான்காவது கட்டம் அக்டோபரில்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் எப்படிப் போகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: மேடம், பி.எட். தேர்வுக்கு 'விசாரணைவழிக் கற்றலின் நிலைகள்' என்று நான்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். உறுதிப்படுத்தும் விசாரணை, கட்டமைத்த விசாரணை, வழிகாட்டும் விசாரணை, திறந்த விசாரணை. இதில் திறந்த விசாரணைதான் சிறந்தது என்று எழுதலாமா?
- பி.எட். மாணவி, சிதம்பரம்

அப்படி எழுத வேண்டாம். அந்தப் பட்டியல் 2008-ல் பான்ச்சி, பெல் என்ற இருவர் எழுதியது. ஷ்வாப், ஹெரன் என்ற கல்வியாளர்கள் முறையே 1960-களிலும் 1971-லும் சொன்னதை ஒட்டி, ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்குப் புரியும்படி கொடுத்தார்கள். அதில் கேட்டிருப்பது மூன்றே விஷயம்: கேள்வி யாருடையது, வழிமுறை யாருடையது, விடை யாருடையது? ஒவ்வொன்றாகப் பிள்ளைகளிடம் கைமாறும்போது நிலை மாறுகிறது.

பானையிலேயே பாருங்கள். 'ஆவியாகும்போது குளிரும், செய்து பார்த்து உறுதிப்படுத்து' என்றால் மூன்றும் டீச்சருடையது. நம் ஊர் செய்முறைத் தேர்வு நோட்டு முழுக்க இந்த வகைதான். 'மூன்று பாத்திரத்தில் தண்ணீர் வை, அரைமணிக்கு ஒருமுறை வெப்பநிலை எடு, என்ன தெரிகிறது?' என்றால் விடை மட்டும் பிள்ளையுடையது. 'பானைத் தண்ணீர் எதனால் குளிர்கிறது என்று கண்டுபிடியுங்கள்' என்று நிறுத்தினால் வழிமுறையும் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. நான்காவது நிலை நீங்கள் திட்டமிட்டு வருவதில்லை. 'எங்க ஆயா புதுப் பானைதான் குளிரும், பழசு குளிராதுங்குது, நெசமா டீச்சர்?' என்று ஒரு பிள்ளை கேட்கிறதே, அதுதான்.

அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்தில் உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர் அதிகம். ஊற்றி ஊற்றி, தண்ணீரில் இருக்கும் உப்பு பானையின் நுண்துளைகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். வெளியே வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். துளை அடைபட்டால் கசிவு குறையும், குளிர்ச்சியும் குறையும். ஆயா சொன்னது சரி. ஆனால் இதைச் சோதிக்க ஒரே அளவில் பழசும் புதுசும் வேண்டும், ஒரே தண்ணீர் வேண்டும், ஒரே இடம் வேண்டும். இதெல்லாம் வேண்டும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்ற வேண்டுமானால், அது முந்தின நிலைகளில் டீச்சர் போட்டுக் கொடுத்த சோதனைகளைச் செய்து பழகியிருக்க வேண்டும். அதனால்தான் எது சிறந்தது என்ற கேள்விக்கு நேர்ப் பதில் இல்லை. ஆறாம் வகுப்பு ஜூன் மாதம் என்றால் இரண்டாவது நிலை. அதே பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் மூன்றாவது. நான்காவது எப்போது வந்தாலும் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். தேர்வில் இப்படியே எழுதினால் மதிப்பெண் வருமா என்று மட்டும் கேட்காதீர்கள், அது திருத்துபவர் பாடு.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஏ.பி.எல். (செயல்வழிக் கற்றல்) அட்டைகள் வைத்துத்தான் பல வருஷம் நடத்தினோம். அதுவும் இதுவும் ஒன்றுதானே?
- தொடக்கப் பள்ளி ஆசிரியர், குறிஞ்சிப்பாடி

இல்லை சார். ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளி முறையைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்க வந்தது ஏ.பி.எல். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறலாம் என்பது அதன் பலம். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்ததே பெரிய விஷயம். ஆனால் அடுத்த அட்டை எது என்று ஏணி சொல்லிவிடும். கேள்வியும் அட்டையுடையதுதான். கை வேலை செய்கிறது என்பதாலேயே பிள்ளை விசாரிக்கிறது என்று ஆகிவிடாது. ஒட்டி, வெட்டி, வண்ணம் தீட்டி, ஒரு கேள்விகூட மனதில் எழாமல் ஒரு மணி நேரம் போக்கிவிடலாம்.

கேள்வி: புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். என்ன கேட்டாலும் முதல் பெஞ்சில் இரண்டு பேர் மட்டும் 'டீச்சர் டீச்சர்' என்று கையை ஆட்டுகிறார்கள். மற்றவர்கள் சிலை. இவர்களை வைத்துக்கொண்டு எப்படி விசாரணை வழியில் நடத்துவது?
- ஆசிரியை, பாகூர்

கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? உங்கள் போனில் ஒரு பீரியடைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் நிறைய வகுப்பு ஒலிப்பதிவுகளை அப்படித்தான் ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளைக் கேட்பது, அல்லது தாங்களே சொல்லிவிடுவது. மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீளமாயின, பேசாத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்பதும் கூடியது. மூன்று விநாடி என்பது கேட்க ஒன்றுமில்லை. வகுப்பில் நின்று பாருங்கள், மூணு நாள் மாதிரி இருக்கும். மனதுக்குள் 'தேவனாம்பட்டினம், தேவனாம்பட்டினம், தேவனாம்பட்டினம்' என்று சொல்லிக்கொண்டு நிற்பேன். சரியாக வரும்.

இன்னொரு வழி, கையைத் தூக்குவதையே நிறுத்திவிடுவது. முதலில் எல்லோரும் எழுதட்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் பேசட்டும், அதற்குப் பிறகுதான் வகுப்புக்கு. முதல் பெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் வாடுவார்கள், பரவாயில்லை.

அதோடு ரிச்சர்ட் சச்மன் 1960-களில் கொண்டுவந்த விசாரணைப் பயிற்சி. வாய் திறக்காத வகுப்புக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. புதிர் போன்ற ஒரு நிகழ்வைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் 'ஆம்', 'இல்லை' என்று பதில் வரும் கேள்விகளை மட்டும் கேட்கலாம். நான் காட்டியது: தாளைக் கிண்ணமாக மடித்து, தண்ணீர் ஊற்றி, இடுக்கியால் பிடித்து மெழுகுவத்திச் சுடர் மேலே காட்டுவது. தண்ணீர் சூடாகும், தாள் எரியாது. 'அது தனி மாதிரித் தாளா டீச்சர்?' இல்லை. 'தண்ணி இல்லன்னா எரியுமா?' ஆம். 'மண்ணெண்ணெய் ஊத்தினா?' (இதற்கு மட்டும் பதில் சொல்லாமல் முறைப்பேன்.) 'மணலைப் போட்டு வெச்சா எரியுமா?' நல்ல கேள்வி, நாளைக்குப் பார்க்கலாம். முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. 'தண்ணி சூட்டை இழுத்துக்குது, அதனாலதானே?' என்று ஒருத்தன் நேராக விளக்கத்துக்குத் தாவினால், ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். 'அப்படியா என்று தெரிந்துகொள்ள என்ன கேட்பாய்?' என்று திருப்பி அனுப்புங்கள். ஆம் சொன்ன நிமிஷமே ஆட்டம் முடிந்துவிடும், மறுபடி சிலைகள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன், அம்மா. ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியதை ஐந்து நாள் இழுப்பது வெள்ளைக்காரன் ஃபேஷன். வகுப்பில் இருபது பிள்ளை இருக்கிற நாட்டுக்கு அது சரி. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை யார் கொடுப்பது?
- வாசகர், நெல்லிக்குப்பம்

ஐயா, உங்களோடு பாதி தூரம் வருகிறேன். உங்களைப் போலவே பேசும் வெள்ளைக்காரர்களும் இருக்கிறார்கள். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூவர் 2006-ல் ஒரு கட்டுரை எழுதி, வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் ஏன் வேலை செய்வதில்லை என்று பிய்த்து எடுத்தார்கள். புதிதாகக் கற்பவர் ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் மனதில் பிடித்துவைக்க முடியும், தேடுவதிலேயே அது செலவாகிவிட்டால் கற்க என்ன மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். இருபடிச் சமன்பாட்டை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கு நான்கு கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுவதுதான் நல்லது என்றால் நான் மறுக்க மாட்டேன். தனிமங்களின் குறியீடுகள், உயிரெழுத்து, அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்ற விதி, இதையெல்லாம் 'கண்டுபிடிக்க' விடுவது வீண்வேலை. கடைசியில் சொன்னது ஆபத்தும்கூட.

அடுத்த வருஷமே மெலோ-சில்வர், டங்கன், சின் ஆகியோர் அதற்குப் பதில் எழுதினார்கள். நல்ல விசாரணை வகுப்பில் வழிகாட்டல் குறைவே இல்லை, நீங்கள் வேறு எதையோ அடிக்கிறீர்கள் என்று. என் அனுபவம் அவர்கள் பக்கம்தான். மேலே பானை வகுப்பைப் படித்தீர்கள் அல்லவா? பெயின்ட் அடித்தது யார், மூன்றாவதாகக் குடத்தை வைத்தது யார், நிழலில் வைத்தது யார்? வேலையெல்லாம் டீச்சருடையதுதான். முடிவை மட்டும் கொஞ்ச நேரம் கையில் மூடி வைத்துக்கொள்கிறாள்.

ஃபேஷன் என்றீர்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1972-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி என்ற தன்னார்வ அமைப்பும் ரசூலியாவிலிருந்த ஃபிரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேர்ந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். எல்லாம் சாதாரணக் கிராமத்துப் பள்ளிகள். டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா ஆய்வு நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து வாத்தியார்களோடு தரையில் உட்கார்ந்து சோதனைகளை வடிவமைத்தார்கள். 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-ல் ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்றது. பாடப்புத்தகத்தில் சோதனையும் கேள்வியும் இருந்தன, விடை இருக்காது. தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்தே எழுதலாம். முப்பது வருஷம் ஓடியது. 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. நிறுத்தப்பட்டதே உங்கள் கட்சிக்குச் சாட்சி என்று நீங்கள் சொல்லலாம். பரீட்சையையே மாற்ற முடிந்த ஒரு திட்டம் முப்பது வருஷம் நின்றதே என்று நான் பார்க்கிறேன்.

பத்தாம் வகுப்பு? அங்கே நானும் பிப்ரவரிக்கு மேல் பழைய வினாத்தாளைத்தான் எடுத்தேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பை விட்டுக்கொடுங்கள் ஐயா, அது போதும்.

கேள்வி: இதற்கெல்லாம் எப்படி மதிப்பெண் போடுவது? எஃப்.ஏ. 'அ' (வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டுப் பகுதி) 20 மதிப்பெண்ணுக்கு எல்லோருக்கும் 18, 19 என்று போட்டுவிடுகிறோம்.
- ஆசிரியர், விருத்தாசலம்

ஊருலகம் முழுக்க அப்படித்தான் போடுகிறார்கள், நீங்கள் மட்டும் தனியாகப் பாவம் செய்யவில்லை. சார்ட் பேப்பரைப் பார்த்துப் போடுவதை விட்டுவிட்டு நோட்டைப் பாருங்கள். முன்கூட்டி எழுதிய ஊகத்துக்குக் காரணம் சொல்லியிருக்கிறதா? ஊகம் தப்பாகப் போனால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த வாரம் எல்லோரும் முதல் பெஞ்சைப் பார்த்து எழுதுவார்கள். அளவு எடுத்த தேதி, நேரம் இருக்கிறதா? ஊகத்துக்கும் நடந்ததற்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறதா? அந்த ஒரு வரிக்குத்தான் நான் அதிகம் கொடுப்பேன். ஊகம், நோக்கல், விளக்கம் என்று வொய்ட், கன்ஸ்டன் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவரும் சொன்ன முறை இதுதான். பீரியட் கிடைக்காத பள்ளிக்கு 5இ-யைவிட இது எளிது, பத்து நிமிஷத்தில்கூடச் செய்யலாம். அப்புறம், ஊகத்தை ரப்பர் வைத்து அழிப்பதைத் தடுக்க வேண்டும். பேனாவால் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. பள்ளியில் 'இன்குயரி புராஜெக்ட்' கேட்டிருக்கிறார்கள். கடையில் தெர்மாகோல் எரிமலை 350 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா?
- ஒரு அம்மா, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வாங்காதீர்கள். புதுச்சேரியில் எரிமலையே இல்லை என்பது முதல் காரணம். 350 ரூபாய் இரண்டாவது. பையன் அதைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போவான், சோடா உப்பும் வினிகரும் பொங்கும், எல்லோரும் கை தட்டுவார்கள். அதில் அவன் விசாரித்தது எந்தக் கடையில் விலை குறைவு என்பதை மட்டும்தான்.

உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் வைத்திக்குப்பமும் சோலை நகரும் இருக்கின்றன. கரையில் மணல் எங்கே, ஏன் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது என்று பையனைக் கேட்கச் சொல்லுங்கள். கூகுளை வேண்டாம், அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்களை. 'இங்கதான் கட்டுமரத்த ஏத்தி வெப்போம், சடுகுடு ஆடுவோம்' என்று கைகாட்டும் இடத்தில் இப்போது அலை அடிக்கும். அவர்கள் காட்டியதை ஒரு வரைபடத்தில் குறிக்கட்டும். அடுத்த ஞாயிறு துறைமுக முகத்துவாரத்துக்குத் தெற்கே வீராம்பட்டினத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே மணல் அகலமாகக் கிடக்கும். கோயிலுக்குப் போன மாதிரியும் ஆகும். இரண்டு இடத்திலும் கரையின் அகலத்தைக் காலடியால் அளக்கலாம். அலைக்குள் இறங்க வேண்டாம். ஒரே கடல், சில கிலோமீட்டர் வித்தியாசம், ஏன் இப்படி? இதுதான் அவனுடைய கேள்வி.

ஊகத்தை எழுதின பிறகு வீட்டிலேயே சோதிக்கலாம். அகலமான தட்டில் ஒரு பக்கம் மணலைக் கரை மாதிரி பரப்பி, தண்ணீர் ஊற்றி, அட்டையால் சாய்வாக அலை எழுப்பச் சொல்லுங்கள். மணல் கரையோரமாக நகரும். அப்புறம் நடுவில் ஒரு செங்கல் துண்டைக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டி வைத்து மறுபடி. எந்தப் பக்கம் சேர்கிறது, எந்தப் பக்கம் அரிக்கிறது என்று அவனே பார்ப்பான்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், அவனிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள். நம் கரையோரமாக மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது கொஞ்ச மாதம் திசை மாறும். மொத்தக் கணக்கில் வடக்கேதான் போகும். 1980-களின் பிற்பாதியில் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர் அதை வழிமறித்தது. தெற்கே சேர்ந்தது, வடக்கே பசி எடுத்த கடல் கரையைத் தின்றது. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு அந்தப் பகுதியில் மணல் திரும்பச் சேர்ந்தது. அவன் தன் தட்டில் செங்கல்லை எங்கே வைத்தால் மணல் திரும்பும் என்று முயன்று பார்த்துவிட்டால், அந்தத் திட்டைப் பற்றி அப்போது சொல்லுங்கள்.

இந்த மாதிரி உள்ளூர்க் கேள்விகளைத்தான் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் கேட்டு வந்திருக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தமிழிலேயே செய்யலாம். புதுவை அறிவியல் இயக்கத்தாரை விசாரியுங்கள். பள்ளி எரிமலைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், மணல் தட்டையே தூக்கிக்கொண்டு போகட்டும். கொஞ்சம் தண்ணீர் சிந்தும், அவ்வளவுதான்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு. எங்க வீடு தேவனாம்பட்டினம். காலையில கடற்கரையில காத்தே இருக்கறதில்ல. மதியத்துக்கு மேல கடல்லேருந்து ஜில்லுனு காத்து வருது. ஏன்? பள்ளியில கேட்டா மேல் வகுப்புல வரும்னு சொல்லிட்டாங்க.
- மாணவன், கடலூர்

தம்பி, மேல் வகுப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆனா நானும் விடை சொல்லப் போறதில்லை, மேலே எல்லோருக்கும் அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்!

ஒரே மாதிரி இரண்டு அகலமான கிண்ணம் எடு. ஒன்றில் கடற்கரை மணல், ஒன்றில் தண்ணீர், ஒரே உயரத்துக்கு. காலை எட்டு மணிக்கு இரண்டையும் வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் வை. எது சீக்கிரம் சுடும், சாயங்காலம் எது சீக்கிரம் ஆறும் என்று முதலில் பேனாவால் எழுதி வைத்துவிடு. பத்து, பன்னிரண்டு, இரண்டு, ஆறு, எட்டு மணிக்கு மேல்பகுதியைத் தொட்டுப் பார். பள்ளியில் வெப்பமானி கேட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. மதியம் கிண்ணங்களைக் காற்றில்லாத இடத்துக்கு எடுத்து வா. ஃபேனை நிறுத்திவிட்டு, அம்மாவை ஒரு ஊதுவத்தி பற்றவைத்துத் தரச் சொல். மணல் கிண்ணத்துக்கு மேலே புகை எப்படிப் போகிறது, தண்ணீருக்கு மேலே எப்படிப் போகிறது என்று பார்த்துப் படம் வரை.

அதோடு ஒரு வாரம், காற்று கடலிலிருந்து எத்தனை மணிக்கு வந்தது என்று தினமும் குறித்துக்கொள். சில நாள் மூணு மணி ஆகியும் வராது. அந்த நாட்களில் காலையில் மேற்கிலிருந்து, கேப்பர் மலைப் பக்கமிருந்து காற்று அடிச்சுதா என்பதையும் சேர்த்து எழுது. நோட்டுப் பக்கத்தை அப்பா போனில் படம் பிடித்து அனுப்பு, அடுத்த இதழில் போடலாம். எழுத்து கோணலா இருந்தாலும் பரவாயில்லை, தேதியும் நேரமும் இருக்கணும்.